எடைமேடை

கலேட்டா அனிமாஸில் மழை பெய்வதில்லை.
துருப்பிடித்ததெல்லாம் கடலின் மூச்சுப் பட்டுத்தான்.
நான் சுனில்தா காயோ,
துறைமுக வாசலில் எடைமேடைப் பொறுப்பு.
லாரி ஏறும், எண் எரியும், லாரி இறங்கும்.
எண்ணை இப்போது நான் எழுதுவதில்லை;
அது தானாகவே தலைநகரம் போய்விடுகிறது.

பழைய பேரேடுகள் மட்டும் இங்கேயே,
கழிப்பறைக்குப் பக்கத்து அலமாரியில்.
லாரி வராத நேரத்தில் படிப்பேன்.

முதல் ஏட்டில் வரவு:
தண்ணீர், நானூறு பீப்பாய்.
கோவேறு கழுதை, அறுபது.
இரும்புத் தூண், லிவர்பூலிலிருந்து,
கழற்றி, எண் போட்டு, கட்டுக்கட்டாக.
பியானோ ஒன்று. நனைந்தது.
செலவு: வெடியுப்பு. வெடியுப்பு.
எழுத்தருக்கே அலுத்து
மேற்படி, மேற்படி என்று கோடிழுத்திருக்கிறார்.

மூட்டை நூறு கிலோ.
கப்பலின் அடிவயிற்றில் ஒரே ஓர் ஆள்
முதுகில் வாங்கி வாங்கிக்
கூம்பாக அடுக்குவானாம்.
விழுந்த மூட்டையை மறுபடி தொடுவதில்லை;
விழும்போதே அது சரியாக விழவேண்டும்.
ஓரத்தில், பென்சிலில், ஒரு பெயர்:
எலெயுதேரியோ சோக்கே.
கூலி, வில்லை ஒன்பது. அபராதம் இரண்டு.
வில்லை காசல்ல;
கம்பெனிக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் தகரம்.
அபராதம் எதற்கென்று இல்லை.

மின்தராசு பதிக்கத் தோண்டியபோது
பையன்கள் ஒரு எடைக்கல்லை எடுத்துத் தந்தார்கள்.
ஐம்பது கிலோ என்று முத்திரை.
புதுத் தராசில் வைத்தேன்: ஐம்பத்திரண்டரை.
அடியில் துளைத்து ஈயம் ஊற்றியிருந்தது.
சிரித்துவிட்டேன்.
அப்புறம், மூட்டைக்கு ஐந்து கிலோ,
நாற்பது வருஷம் என்று
பெருக்கத் தொடங்கி
காகிதம் போதாமல் விட்டேன்.

உப்பு விற்கப் போனால் மழை,
உமி விற்கப் போனால் காற்று என்பார்கள்.
எங்களுக்கு உப்பு விற்கும்போதே வந்தது காற்று.
ஜெர்மனியில் யாரோ
வெறுங்காற்றைப் பிழிந்தே வெடியுப்பு செய்துவிட்டார்கள்.
அந்த வருஷச் செலவு:
ஆட்கள், நானூற்றுப் பன்னிரண்டு, தெற்கே.
பியானோ திரும்பிப் போனதாகப் பதிவில்லை.

அதன்பின் பதினேழு வருஷத்துக்கு
ஒரே ஏடு போதுமாயிருந்தது.

பிறகு மிர்கோ ட்ராசிச், மளிகைக்கடைக்காரர்,
கைவிட்ட கொதிகலனைக் கிலோ விலைக்கு வாங்கி
நெத்திலியை அவித்து மாவாக்கினார்.
ஊரே நாறியது.
பணத்தின் வாசனை அது என்றார் ட்ராசிச்;
அவர் வீடு மேட்டில், காற்று வரும் பக்கம்.
செருப்புக்கடை மூன்று வந்தது,
சினிமாக் கொட்டகை வந்தது,
ஒரு பல் டாக்டர் கூட வந்தார்.
ஐரோப்பாவின் கோழிகள்
எங்கள் கடலைக் கொத்தித் தின்றன.

ஒரு டிசம்பரில் கடல் வெதுவெதுத்தது.
பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்,
நாள் முழுக்கத் தண்ணீரில்.
நெத்திலி வரவில்லை.
பல் டாக்டர் முதலில் கிளம்பினார்.

இப்போது செம்புப்பொடி.
மூடிய லாரி, மூடிய பட்டை,
ஒரு கப்பலுக்குப் பதினோரு பேர் போதும்.
வளர்ச்சி என்று வாசலில் பலகை;
படத்தில் எங்கள் ஊர் இல்லை,
தென்னைமரத்தோடு வேறேதோ கரை.
ஜன்னல் விளிம்பில் தினமும் கறுப்பாய் ஒரு கோடு.
பள்ளியில் ரத்தம் எடுத்துப் போனார்கள்.
முடிவு இன்னும் வரவில்லை.
கடலைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து
குழாய் நேரே சுரங்கத்துக்கு ஏறுகிறது.
ஊருக்குச் செவ்வாய், வெள்ளி, டேங்கர்.
அதையும் நான்தான் நிறுக்கிறேன்:
வரவு, தண்ணீர்.

பகல் ஒரு மணிக்குத் தெற்குக் காற்று எழும்.
காலி மேடை இருபது கிலோ காட்டும்.
பழுதென்று எழுதிக்கொடுத்தேன்;
வந்து பார்த்துப் பழுதில்லை என்றார்கள்.
பூஜ்யத்தை அழுத்தினால் போதுமாம்.

இன்று அழுத்தவில்லை.
கடைசிப் பேரேட்டில் மிச்சமிருந்த தாளில்
தேதி போட்டேன். இருபது என்று எழுதினேன்.
சரக்கின் பெயருக்கான கட்டத்தில்
பேனாவை வைத்து யோசிக்கையில்
வாசலில் அடுத்த லாரி
ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தது.